முழுசா வந்தா மூடு

இல்ல சார், கையெழுத்துப் போட மாட்டேன். மூணாவது தடவையா சொல்றேன். பேனாவைத் திறந்து கையில வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தீங்கன்னா மை காயும், அவ்வளவுதான். மூடியைப் போடுங்க.

அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். போன வருஷம் ஒரு ஆய்வுக் குழுக்காரர் அதுல உக்காந்துட்டு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே கிளம்பிப் போனார். இதுல உக்காருங்க. ஃபைலை மடியில வெச்சுக்கங்க, மேஜையில இடமில்ல. அந்தப் பேப்பர் கட்டைத் தள்ளாதீங்க. டெஸ்ட் பேப்பர். வரிசை கலைஞ்சா மறுபடி நான்தான் உக்காந்து அடுக்கணும்.

என்னது, திமிரா? நீங்க சொல்லல, உங்க மூஞ்சி சொல்லுது. இருபத்தாறு வருஷமா நர்சிங் காலேஜ்ல நிக்கறேன். வருஷத்துக்கு அறுபது மூஞ்சி. எந்த மூஞ்சி என்ன நினைக்குதுன்னு கரும்பலகையப் பாத்துக்கிட்டே சொல்லுவேன். இந்தப் பொம்பளைக்கு ரெண்டு வருஷத்துல ரிட்டயர்மென்ட், வலிய வந்து பேரும் புகழும் தர்றோம், வேணாம்னு மொறச்சுக்கிட்டு நிக்குதே, இதுக்கு என்ன கேடுன்னு நினைக்கறீங்க. நினைச்சுக்கங்க. எங்க வீட்டுக்காரரும் அதைத்தான் நினைக்கறார். மாதிரிப் பாடத்திட்டம்னு உன்னோடத எடுத்துக்கறாங்க, மேடையேத்தி பாராட்டறாங்க, போய் சிரிச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதானேன்னு நேத்து சாப்பிடறப்போ கேட்டார். தட்டைக் கழுவப் போயிட்டேன்.

உங்களுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். ரெண்டு வேணும். ஒண்ணு, சம்மதம்னு இந்தத் தாள்ல என் கையெழுத்து. இன்னொண்ணு, அந்த அலமாரியில இருக்கிற என்னோட கணக்கு நோட்டு. நானூத்திப் பன்னெண்டு மருந்துக் கணக்கு. ரெண்டும் கெடைச்சா நாப்பத்திரெண்டு நர்சிங் காலேஜுக்கும் அதையே அச்சடிச்சு அனுப்பிடுவீங்க. நாப்பத்திரெண்டு இன்டு அறுபது. பெருக்கிக்கங்க. நான் பெருக்கிப் பாத்துட்டேன்.

நகல் எடுத்துட்டு உடனே தர்றீங்களா? எங்க? கேட்டுக்கு எதிர்ல இருக்கிற கடையிலயா?

வேணாம். அங்க வேணவே வேணாம். காரணம் எதுக்கு? வேணாம்னா வேணாம்.

சரி, ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்கீங்க, டீ வரும், குடிச்சிட்டுப் போங்க. அதுவரைக்கும் உங்க ஃபாரத்தைக் குடுங்க, பாப்போம். ம். பதினேழு கட்டம். பாடத்தின் நோக்கம் தெளிவாக உள்ளதா. வகுப்பில் மாணவர் பங்கேற்பு எவ்வளவு. மாணவர் திருப்தி ஒன்று முதல் ஐந்து வரை. தேர்ச்சி விகிதம். அடேங்கப்பா, எல்லாத்துலயும் எனக்கு அஞ்சு அஞ்சா போட்டிருக்கீங்க. கைராசிக்காரர்தான்.

மூணு நாள் பயிற்சிக்கு எங்களையும் கூப்பிட்டீங்களே, ஞாபகம் இருக்கா? கலர் கலரா ஒட்டுத்தாள் குடுத்து சுவத்துல ஒட்டச் சொன்னீங்க. மாணவர் அறிந்துகொள்வார்னு எழுதக்கூடாது, அறிஞ்சுக்கிட்டது கண்ணுக்குத் தெரியாது, கணக்கிடுவார்னு எழுதணும், வேறுபடுத்துவார்னு எழுதணும்னீங்க. எழுதினேன். பச்சைத் தாள்ல எழுதினேன். மாணவர் மருந்தின் அளவைப் பிழையின்றிக் கணக்கிடுவார். அதைப் பாத்துட்டு நீங்கதான் கை தட்டினீங்க. பிரமாதம் மேடம், எப்படி அளப்பீங்கன்னு கேட்டீங்க. டெஸ்ட் வெச்சுன்னேன். மறுபடியும் கை தட்டினீங்க. டெஸ்ட்ல என்ன கணக்கு குடுப்பேன்னு அந்த ஹால்ல ஒரு ஆளாவது கேட்டாங்களா? முப்பது பேரு இருந்தோம். பசை காயறதுக்குள்ள சாப்பாட்டுக்குப் போயிட்டோம்.

இல்ல சார், உங்க மேல எனக்குக் கோபம் இல்லன்னு சொல்ல மாட்டேன். கோபம்தான். நீங்க நல்லவரு, அதான் இன்னும் கோபமா வருது.

யாரும்மா அது? உள்ள வா. என்ன, ரெண்டாவது கணக்கா? புள்ளி வருதா? வரட்டுமே. புள்ளி வந்தா கடிக்குமா? திரும்பப் போட்டியா, எத்தனை தடவை? அஞ்சு தடவையும் அதேதான் வருதா? அப்போ அதான் விடை. சார் மூஞ்சியை எதுக்குப் பாக்கற, அவருக்கும் தெரியாது. போ.

பாத்தீங்களா? அழுதுடுவா போல நிக்கறா. ரெண்டே கால்னு விடை வந்திருக்கு. ரெண்டே கால் மீட்டர் துணி வெட்டுன்னு சொன்னா தையக்காரன் அழுவானா? இவ அழுவா. ஏன்னா இவளோட சீனியருங்க ஒரு மந்திரம் சொல்லிக் குடுத்திருக்காங்க. உங்க ஃபைல் அட்டையில நீங்களே பெருசா அச்சடிச்சு வெச்சிருக்கீங்களே, அதான். முழுசா வந்தா மூடு, புள்ளி வந்தா தேடு.

ஆமா, நான் கட்டினதுதான். எதுகை மோனையோட இருக்கு, இல்ல? கேளுங்க, அது எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். உங்க பதினேழு கட்டத்துல அதுக்கு இடமில்ல, சும்மா காதுல வாங்கிக்கங்க.

வேலைக்குச் சேந்த முதல் வருஷம். வயசு முப்பத்திரெண்டு. அதுக்கு முன்னாடி அஞ்சு வருஷம் வார்டுல நர்சா இருந்தேன். அங்க என்ன நடக்குமோ அதையே கணக்கா குடுத்தேன். நோயாளி எடை அம்பத்தி மூணரை கிலோ, மருந்து கிலோவுக்கு இத்தனை, குப்பியில இத்தனைன்னு. விடை எல்லாம் கன்னாபின்னான்னு வரும். முக்கால்வாசிப் பிள்ளைங்க ஃபெயில். அப்போ இருந்த பிரின்சிபால் கூப்பிட்டு விட்டாங்க. நீ பாடம் நடத்தறியா, பழி வாங்கறியான்னாங்க. இந்த ரூம்ல, இதே மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு சீனியர் மேடம் உக்காந்திருப்பாங்க. அவங்கதான் வழி சொன்னாங்க. பைத்தியமே, விடை முழுசா வர்ற மாதிரி கணக்கைக் குடு. உனக்கும் திருத்த சுலபம், அதுங்களுக்கும் தைரியம் வரும்னாங்க.

வந்துச்சு சார், தைரியம் வந்துச்சு. அதுக்கப்புறம் நானா உக்காந்து ஒவ்வொண்ணா செதுக்கினேன். நூறு மில்லிகிராம் குடுக்கணும், மில்லிக்கு அம்பது இருக்கு, ரெண்டு. எழுபது குடுக்கணும், மில்லிக்கு பத்து இருக்கு, ஏழு. ஒரு கணக்குலகூட மிச்சம் வராது. கேள்வியில தேவைப்படற நம்பர் மட்டும்தான் இருக்கும், தேவைப்படாதது ஒண்ணுகூட இருக்காது. அவ்வளவு சுத்தம். அறுபது பேப்பரை ஒரு மத்தியானத்துல திருத்திடுவேன். விடை முழுசா இல்லன்னா தூரத்துல இருந்தே தெரியும், சிவப்பு மையால ஒரு கோடு. பிள்ளைங்களும் உஷாரு. பரீட்சை ஹால்ல புள்ளி வந்துச்சுன்னா எங்கயோ தப்புன்னு தானாவே திரும்பிப் போகும், சரிபண்ணிக்கும். அதை நான்தான் பாட்டாவே சொல்லிக் குடுத்தேன். கிளாஸ் முடியறப்போ அறுபது பேரும் சேந்து கத்துவாங்க. பக்கத்து ரூம்ல உடற்கூறு நடத்தறவங்க வந்து சண்டை போடுவாங்க.

நாலு வருஷத்துல ரிசல்ட் நூத்துக்கு நூறு. அதுக்கப்புறம் எறங்கவே இல்ல. மாணவர் திருப்தி அஞ்சுக்கு அஞ்சு. நீங்க போட்டது சரிதான், நான் மறுக்கல.

டீ வந்துருச்சு. குடிங்க. சக்கரை கம்மியா இருந்தா சொல்லாதீங்க, அட்டெண்டர் கோவிச்சுப்பார்.

இந்த வருஷத்து ரிசல்ட் பாத்தீங்களா? முதல் டெஸ்ட்? அது உங்க ஃபைல்ல இருக்காது. பிரின்சிபால் குடுத்திருக்க மாட்டாங்க. அறுபது பேர்ல இருபத்திரெண்டு பாஸ். ஆமா, இருபத்திரெண்டு. கண்ணாடியைக் கழட்டித் தொடைக்க வேணாம், நம்பர் மாறாது. பிள்ளைங்க சேந்து எழுதிக் குடுத்துட்டாங்க, மேடம் சிலபஸ்ல இல்லாததக் கேக்கறாங்கன்னு. பெத்தவங்க ரெண்டு பேரு வந்து வாசல்ல நின்னு கத்தினாங்க. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையான்னு கேட்டாங்க. இருபத்தாறு வருஷம் கழிச்சு மறுபடியும் அதே ரூம், அதே கேள்வி. அன்னைக்குப் பழி வாங்கறியான்னாங்க, இன்னைக்கு உடம்பு சரியில்லையான்னு கேக்கறாங்க. வயசாயிடுச்சுல்ல, மரியாதை.

என்ன பண்ணினேன்னா கேக்கறீங்க? ஆஸ்பத்திரிக் குப்பைக்குப் போற காலி மருந்து அட்டையெல்லாம் வாங்கிட்டு வந்து கிளாஸ்ல மேஜை மேல கொட்டினேன். கணக்கை எழுதிப் போடல. டாக்டர் கிறுக்கின சீட்டு ஒண்ணு கையில குடுத்தேன். இந்தா, நீயே தேடு. எந்த நம்பர் வேணும், எது வேணாம், நீயே பொறுக்கு. கணக்குப் போடறதுக்கு முன்னாடியே, ஏறக்குறைய எவ்வளவு வரும்னு வாயால சொல்லு. இந்த ஊசிக்கு எத்தனை குப்பி உடைப்பேன்னு சொல்லு. அப்புறம் போடு. அவ்வளவுதான். பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. வார்டுல ரெண்டாவது நாள்ல எனக்கே தெரிஞ்ச விஷயம். அதைத்தான் ஒரு மேடம் பேச்சைக் கேட்டு இருபத்தஞ்சு வருஷம் அலமாரியில பூட்டி வெச்சிட்டேன்.

இல்ல, இது நல்லா வருதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இதையும் எழுதிக்கிட்டு நாப்பத்திரெண்டு காலேஜுக்கு அனுப்பாதீங்க. உங்களுக்கு அடிமடியிலயே கை வெக்கிற பழக்கம் இருக்கு.

ஏன் திடீர்னு மாத்தினேன்னு கேக்கறீங்க. ம். நல்ல கேள்விதான். இந்தக் கேள்வியை நீங்க உள்ள நுழைஞ்சதும் கேட்டிருக்கணும்.

உங்க ஃபைல்ல ஏழாவது தாளை எடுங்க. காலேஜ் முத்திரை போட்டது. படிங்க. வாய்விட்டு வேணாம், மனசுக்குள்ள படிங்க. மேற்படி மாணவிக்கு மருந்துக் கணக்கீடு முறையாகவும் முழுமையாகவும் கற்பிக்கப்பட்டது. அவர் இப்பாடத்தில் நூற்றுக்கு நூறு மதிப்பெண் பெற்றுள்ளார். கற்பித்தலில் குறை ஏதும் இல்லை. கீழ என் கையெழுத்து. அழகா இருக்கு, இல்ல? இதை எங்க புடிச்சீங்க? பிரின்சிபால் குடுத்தாங்களா. சிறப்பான கற்பித்தலுக்கு அத்தாட்சின்னு நீங்க பென்சில்ல பக்கத்துல எழுதி வெச்சிருக்கீங்க.

அது எதுக்கு எழுதினதுன்னு அவங்க சொல்லலையா? சொல்ல மாட்டாங்க. அது விசாரணைக்கு எழுதினது சார்.

அந்தப் பொண்ணுக்கு கிளாஸ்ல பட்டப்பேர் கால்குலேட்டர். எதையும் மனசுலயே போட்டுடுவா. நான் கேள்வியை எழுதி முடிக்கிறதுக்குள்ள உதடு ரெண்டு தடவை அசையும், அவ்வளவுதான், கையத் தூக்கிடுவா. மெடல் வாங்கினா. மேடையில இருந்து இறங்கி வந்து நேரா என் கையில கொண்டு வந்து குடுத்தா, நீங்கதான் மேடம்னு. அதை வாங்கி நானும் ஒரு நிமிஷம் கழுத்துல போட்டுப் பாத்துட்டுத்தான் திருப்பிக் குடுத்தேன். சிரிச்சோம்.

வேலைக்குப் போய் எட்டு மாசம். வார்டுல ஒருத்தர் படுத்திருக்கார், பஸ் டிரைவர், நாப்பது நாப்பத்தஞ்சு வயசு, சிறுநீரகம் கொஞ்சம் வீக்கு. டாக்டர் எழுபது மில்லிகிராம்னு எழுதியிருக்கார். குப்பியில மில்லிக்கு நாப்பது. எழுபதை நாப்பதால வகுத்தா என்ன? ஒண்ணே முக்கால். போட்டுட்டா. சரியாதான் போட்டா சார், முதல் தடவை சரியாதான் போட்டா. மருந்து எழுதற சீட்டு ஓரத்துல பென்சில்ல இருந்துச்சு, ஒண்ணு புள்ளி ஏழு அஞ்சு. அதை அடிச்சிட்டா.

ஏன் அடிச்சா? புள்ளி வந்தா தேடு.

தேடினா. அலமாரிக் கதவுல மருந்துப் பட்டியல் ஒட்டியிருக்கும். அதே மருந்து குழந்தைங்களுக்கு வேற அளவுல வரும், மில்லிக்கு பத்து. ரெண்டும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதியிருக்கும். பத்தால வகுத்தா ஏழு. முழுசா வந்துருச்சு. என் நோட்டுலயே அந்தக் கணக்கு இருக்கு, எழுபதும் பத்தும் ஏழும். அவ அதை அம்பது தடவை போட்டிருப்பா. மூடிட்டா.

ஏழு மில்லி வேணும்னா நாலு குப்பி உடைக்கணும் சார், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மில்லிதான் இருக்கும். கையில இருந்தது அதே மில்லிக்கு நாப்பது குப்பிதான், நாலு மடங்கு மருந்து. நாலு குப்பி. ஒரே ஊசிக்கு. தெருவுல போறவனைக் கூப்பிட்டுக் காட்டினாக்கூட எதுக்கும்மா இத்தனைன்னு கேப்பான். அவ கேக்கல. ஏன்னா கணக்கு சொல்லிடுச்சு. கூட நின்ன நர்ஸ் பாத்து கையெழுத்துப் போடணும், அது சட்டம். அவளும் இந்தக் காலேஜ்தான். பாத்தா, ஏழுன்னு முழுசா இருக்கு, போட்டுட்டா. அடுத்த ஷிஃப்டுக்கு வந்தவளும் என் பிள்ளைதான். முன்னாடி ஏழுன்னு எழுதியிருந்ததப் பாத்து அதையே போட்டா. ரெண்டு நாள் போச்சு.

உயிர் போகல. அந்த மருந்து அளவு மீறினா காதைத்தான் அடிக்கும். காது போயிடுச்சு. ரெண்டு காதும். பஸ் ஓட்டிக்கிட்டு இருந்த மனுஷன், ஹாரன் சத்தம் கேக்காதவனுக்கு யாரு பஸ் குடுப்பா?

டீ ஆறுது சார்.

விசாரணைக்கு என்னையும் உக்கார வெச்சாங்க, பாடம் நடத்தினவங்கன்னு. நீளமான மேஜை, ஆறு பேரு, நடுவுல தண்ணி பாட்டில். அந்தப் பக்கம் அவ தனியா. தலைவர் கேட்டார், நாலு குப்பி உடைக்கிறப்போ உனக்கு ஒரு நிமிஷம்கூட சந்தேகம் வரலையாம்மான்னு. அவ சொன்னா, விடை முழுசா வந்துச்சு சார். தலைவருக்குப் புரியல. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னார். மறுபடியும் அதையேதான் சொன்னா, முழுசா வந்துச்சு சார், அதான். அவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க, பொண்ணு அதிர்ச்சியில உளறுதுன்னு. அவ என்னைப் பாத்தா. குத்தம் சொல்ற பார்வை இல்ல சார். நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க மேடம், இவங்களுக்குப் புரியலங்கற மாதிரி. கிளாஸ்ல பக்கத்துப் பொண்ணுக்குப் புரியலன்னா என்னைப் பாப்பாளே, அதே பார்வை.

அந்த ரூம்ல அதுக்கு அர்த்தம் தெரிஞ்சது எனக்கு ஒருத்திக்குத்தான். ஒரு வாக்கியம் போதும். நான்தான் அப்படிச் சொல்லிக் குடுத்தேன்னு ஒரே ஒரு வாக்கியம்.

நான் தண்ணி குடிச்சேன்.

அப்புறம் தலைவர் என் பக்கம் திரும்பினார், பாடம் ஒழுங்கா நடந்துச்சான்னு எழுதிக் குடுங்க மேடம்னார். எழுதிக் குடுத்தேன். ஏழாவது தாள். நீங்க பென்சில்ல அத்தாட்சின்னு எழுதியிருக்கீங்களே, அது. கற்பித்தலில் குறை இல்ல, மதிப்பெண் நூத்துக்கு நூறு, அப்போ யாரு மேல தப்பு? கவனக்குறைவுன்னு எழுதி முடிச்சுட்டாங்க. அவ பேரை நர்ஸ் பதிவேட்டுல இருந்து எடுத்துட்டாங்க. மத்த ரெண்டு பேருக்கு எச்சரிக்கை. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கிறதுன்னு சொல்லுவாங்க. நான் மறைச்சேன், அதுக்கு நீங்க பட்டம் கட்ட வந்திருக்கீங்க.

பதினாலு மாசம் ஆச்சு.

இல்ல, அனுதாபம் வேணாம். அந்த மூஞ்சியை மாத்துங்க, நல்லா இல்ல. அந்த விசாரணைத் தலைவருக்கு எவ்வளவோ தடவை லெட்டர் எழுதி எடுத்துக்கிட்டுப் போனேன், அன்னைக்கு நான் சொல்லாம விட்டது இதுதான்னு. தபால் பெட்டி வரைக்கும் போயிருக்கேன். இந்தப் பையிலதான் இருக்கு, ஓரம் எல்லாம் மடங்கிப் போச்சு. பிள்ளைங்க கணக்கை மாத்திட்டா போதும்னு ஒரு சமாதானம். இனிமே வர்ற பிள்ளைங்களாவது தப்பிக்கும்ல, முடிஞ்சது முடிஞ்சதுதானேன்னு. கடைசி ரெண்டு வருஷத்தை மானமா ஓட்டிட்டுப் போயிடலாம்னு. அப்போதான் நீங்க வர்றீங்க, நாப்பத்திரெண்டு காலேஜோட.

நோட்டு வேணும்னா இப்பவே கிழிச்சுத் தர்றேன். பொட்டலம் கட்டக்கூட ஆகாது.

அவ எங்க இருக்கான்னா? எதுக்கு, போய்ப் பாக்கப் போறீங்களா? பாக்கலாம், தூரமில்ல. கேட்டுக்கு எதிர்ல, நகல் எடுக்கிற கடை. அவ சித்தப்பா கடை. நீங்க நோட்டை எடுத்துக்கிட்டுப் போய் ஒரு நிமிஷத்துல எடுத்துட்டு வர்றேன்னீங்களே, அந்த மெஷின்கிட்ட நிக்கறவ அவதான்.

நான் அந்தப் பக்கமே போறதில்ல. பஸ் ஸ்டாப்புக்கே சுத்திக்கிட்டுத்தான் போவேன். போன வியாழக்கிழமை காலேஜ் மெஷின் மக்கர் பண்ணிடுச்சு. அட்டெண்டர் லீவு. பத்து மணிக்கு ரெண்டாவது டெஸ்ட், ஒன்பதரைக்கு கையில ஒரே ஒரு கேள்வித்தாள். பெரிய ரோட்டுக் கடை பூட்டிக் கெடக்கு. என்ன பண்றது, போனேன்.

நல்லா இருக்கீங்களா மேடம்னு கேட்டா. ஒடம்பு எளைச்சிட்டீங்களேன்னா. கோபமா பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும் சார், சத்தியமா நல்லா இருந்திருக்கும். அறுபதா மேடம்னா, ஆமான்னேன். தாளை வாங்கி கண்ணாடி மேல வெக்கப் போனவ, நின்னா. பாத்தா. உதடு ரெண்டு தடவை அசைஞ்சுச்சு.

மேடம், மூணாவது கணக்குல அச்சுப்பிழை இருக்கும் போலன்னா. தொண்ணூறை நாப்பதால வகுக்கணும், விடை முழுசா வரல பாருங்க. திருத்திக் குடுத்துடுங்க மேடம், ஹால்ல பிள்ளைங்க பயந்துடும்னா. காதுல செருகி வெச்சிருந்த பேனாவை எடுத்து அவளே மூடியைத் திறந்து நீட்டினா.

இல்லம்மா, அது சரிதான், நான் சொல்லிக் குடுத்ததுதான் தப்புன்னு சொல்லணும். அதுக்குத்தான் தெய்வமே கொண்டு வந்து நிறுத்தியிருக்கு, விசாரணை இல்ல, தலைவர் இல்ல, நாங்க ரெண்டு பேரு மட்டும்தான்.

ஆமாம்மா, அச்சுப்பிழைதான்னேன். பேனாவை வாங்கினேன். தொண்ணூறை அடிச்சு எண்பதுன்னு எழுதினேன். எண்பது, நாப்பது, ரெண்டு. இப்போ சரியா இருக்கு மேடம்னு சிரிச்சா. அறுபது நகல் சூடா எடுத்து, ஓரம் தட்டி, அடுக்கிக் குடுத்தா.

அந்தப் பேப்பர் கட்டுதான் உங்க முழங்கைக்குக் கீழ இருக்கிறது. நேத்துதான் திருத்தி முடிச்சேன். மத்ததெல்லாம் மருந்து அட்டையைப் பாத்து நம்பர் பொறுக்கற கணக்கு, அங்கங்க தடுமாறியிருக்காங்க. மூணாவது மட்டும் அறுபது பேரும் சரி, சார். எழுதிக்கங்க.